பொருள்: 'ஆர்ச்'சுக்குத் தமிழ்ச் சொல், வெள்ளிக்குள் வேண்டும் (எழுதுபவர்கள் அவரவர் மலேசிய ஊர்ப்பெயரில்)

செந்தூல்:
அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் நடைபாதைக்குத் தமிழில் இரண்டு பக்கக் கையேடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போக வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் 146 மீட்டர், நிழல் அறவே கிடையாது, ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் என்பதெல்லாம் எழுதியாகிவிட்டது. நடுவில் பெரிய ஓட்டை விழுந்து வாயில்போல நிற்கும் பாறையைக் குறிக்கும் 'ஆர்ச்'தான் இடிக்கிறது. 'இயற்கைப் பாலம்' போடலாமா?

பட்டர்வொர்த்:
கூடாது ஐயா. இயற்கைப் பாலம் என்பது பாறைக்கு அடியில் ஆறு ஓடி அரித்தது. அதற்கு யூட்டாவிலேயே நேச்சுரல் பிரிட்ஜஸ் என்று 1908 முதல் தனிக் காப்பிடம் இருக்கிறது. ஆர்ச்சில் ஆற்றுக்கு வேலையில்லை. மணற்கல்லின் மணிகளைப் பிடித்திருக்கும் சுண்ணப் பசையை மழைநீர் கரைக்கும். விரிசலில் தங்கிய நீர் குளிரில் உறைந்து விரியும். சுவர்போல நிற்கும் பாறை செதில் செதிலாக உதிர்ந்து நடுவில் ஓட்டை விழும். 90 சென்டிமீட்டர் ஓட்டையாவது இருந்தால்தான் பூங்காக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆக, ஓட்டைதான் பொருள். 'புழைக்கல்' என்பேன். புழை என்றால் துளை. துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

ஆயர் ஈத்தாம்:
மலையாளத்தில் புழ என்றால் ஆறு. ஆற்றை விலக்கப் போய் ஆற்றிலேயே விழுந்தீர்கள்! திருமலையில் இதேபோல இருக்கும் பாறையைச் சிலாதோரணம் என்று ஊரே சொல்கிறது. 'பாறைத் தோரணம்' போதும்.

பிரிக்பீல்ட்ஸ்:
தோரணம் வடசொல். தைப்பூசத்துக்குத் தென்னங்குருத்தில் பின்னித் தொங்கவிடுவதை 14 மீட்டர் உயர வாய்க்குச் சூட்டுவதா? வானவில் இருக்கும்போது 'கல்வில்' ஏன் ஆகாது?

ஆயர் ஈத்தாம்:
மணிமேகலையிலேயே 'தோரண வீதி' உண்டு. சாத்தனாருக்கு ஆனது நமக்கு ஆகாதா?

செந்தூல்:
இடையில் ஒன்று. நடைபாதையில் வரும் மண்ணில்லாத வெறும் மணற்கல் பரப்பை, அதாவது 'ஸ்லிக்ராக்'கை, 'வழுக்குப்பாறை' என்று எழுதிவிட்டேன்.

பட்டர்வொர்த்:
மாற்றுங்கள், ஆபத்து. குதிரை லாடம் வழுக்கியதால் வந்த பெயர் அது. காய்ந்திருந்தால் ரப்பர் அடிச் சப்பாத்து நன்றாகவே பிடிக்கும். மேலே தூவிக் கிடக்கும் மணலும் மழை ஈரமும்தான் ஆளைச் சாய்க்கும். 'வழுக்கு' என்று படித்தவர் பாறையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்குவார். கறுத்துப் பொருக்குத் தட்டிய அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு மிதி போதும், தேறப் பல ஆண்டுகள் ஆகும். 'மொட்டைப்பாறை' போடுங்கள். அங்கே தடம் தெரியாது, அடுக்கி வைத்த கற்களைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். கடைசி 180 மீட்டர் பாறை விளிம்பில் போகிறது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதைத் தடித்த எழுத்தில் சொல்லலாம்.

செந்தூல்:
நன்றி. புழைக்கு ஒருவர், வில்லுக்கு ஒருவர், தோரணத்துக்கு என்னையும் சேர்த்து இருவர். சுருக்கமாகக் 'கல்தோரணம்' என்று போட்டு அனுப்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்:
நான் ஒப்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு புணர்ச்சியும் பிழை. லகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் 'கற்றோரணம்'.

ஆயர் ஈத்தாம்:
கற்றோர் ரணம் என்றுதான் படிப்பார்கள். இதற்காகத்தான் முதலிலேயே பாறை என்றேன்.