புதுப்பிப்பு: சிறுநீரக மாற்றுக்குப் பின் அண்ணனின் உறக்கமின்மையும் சந்தேகமும்

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு என் அண்ணன் இரவெல்லாம் உறங்காமல் பேசிக்கொண்டே இருப்பதையும், சமைத்துக் கொடுக்கும் அண்ணியையே சந்தேகிப்பதையும் முன்பு எழுதி, இது மருந்தின் விளைவா என்று கேட்டிருந்தேன். மருந்தின் பங்கே பெரிது என்று மருத்துவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

உடல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கியபோது மிகுந்த அளவில் ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், அதன்பின் மாத்திரையாகத் தொடர்ந்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும்தான் முதன்மைக் காரணமாம். இத்தகைய விளைவுகள் மருந்தின் அளவைப் பொறுத்தவை. 1972-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பிரட்னிசோன் என்ற இதே வகை ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 80 மில்லிகிராமைத் தாண்டியவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறுகள் தோன்றின.

நிராகரிப்பைத் தடுக்க அவர் எடுத்துவரும் டாக்ரோலிமஸும் கைநடுக்கம், உறக்கமின்மை ஆகியவற்றைத் தரக்கூடியது என்பதால், காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதில் இம்மருந்தின் அளவு கூடியிருந்தது. தொண்டைத் தொற்றுக்கு வேறோர் இடத்தில் கொடுக்கப்பட்ட கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிட்டது. (உறுப்பு மாற்றம் நடந்ததைச் சொன்ன பிறகும் அதை எழுதிக் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.)

மாத்திரையைச் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது; உறுப்பு நிராகரிப்புடன், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, காலையில் ஒரே வேளையாகத் தந்து, இரவில் சிறிதளவு ஓலன்சபைன் என்ற மனநல மருந்தைச் சேர்த்தார்கள். அதுவும் சர்க்கரையைக் கூட்டலாம் என்பதால் அதையும் கண்காணிக்கிறார்கள். சந்தேகம் நீங்கிவிட்டது, உறக்கம் வந்துவிட்டது. எரிச்சல் மட்டும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.