புதுப்பிப்பு: படகு மறுபடி தண்ணீரில், அடுத்து காரைக்கால்

காரைக்காலுக்குப் போகும் வழியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் தண்ணீர் கொட்டி, கடலூர் முதுநகரில் உப்பனாற்றோரம் என் பாய்மரப் படகைக் கரையேற்றியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். "பேக்கிங்கை இறுக்கினால் போதும்" என்று பலர் சொன்னீர்கள் (பேக்கிங் என்பது ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கயிறு). காரணம் அதுவல்ல.

பிரித்தபோதுதான் தெரிந்தது. முன்பு வேலை பார்த்தவர் பேக்கிங் கயிற்றை ஒரே நீளமாகச் சுருட்டி அடைத்திருக்கிறார். அந்தச் சுருள் வழியாகவே தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. தனித்தனி வளையமாக வெட்டி, இணைப்புகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் வைக்க வேண்டும். மேஸ்திரி அண்ணன் என் கையாலேயே செய்ய வைத்தார்.

"இன்னும் இறுக்கட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி. ஓடும்போது சொட்டணும், நின்னா நிக்கணும். அந்தத் தண்ணிதான் ஷாஃப்ட்டைக் குளுமையா வைக்குது."

இப்போது நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டு. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

துத்தநாகக் கட்டியும் மாற்றியாயிற்று. அது கரைவதால்தான் வெண்கல ப்ரொப்பெல்லர் அரிக்காமல் தப்பிக்கிறது. தயவுசெய்து யாரும் அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பாய்த் தையல், நங்கூரக் கயிறு எல்லாம் சரி.

இனி முகத்துவார மணல்திட்டுதான் கவலை. படகுக்கு 1.5 மீட்டர் ஆழம் வேண்டும். நம் கரையில் கடல் மட்டத்தின் ஏற்றவற்றமோ ஒரு மீட்டருக்கு உள்ளேதான். அதனால் கடல் அதிகம் ஏறும் பௌர்ணமி ஓதத்துக்குக் காத்திருக்கிறேன். தை வாடை பின்னாலிருந்து தள்ளும். காரைக்கால் சுமார் 50 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 10 மணி நேரம். சேர்ந்ததும் எழுதுகிறேன்.