ஆற்றில் வெள்ளம், குழாயில் தண்ணீர் இல்லை, ஏன்?

பொருநைவாசி:
தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் எங்கள் பக்கம் கூட்டுக் குடிநீர் நின்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அப்போது நாள்கணக்கில் குடத்தோடு அலைந்தோம். கரைபுரண்டு ஓடுகிற ஆற்றிலிருந்து ஏன் எடுக்க முடியவில்லை?

கிணற்றடி:
பெரும்பாலும் எடுப்பது ஓடுகிற தண்ணீரை அல்ல, மணலுக்கு அடியில் ஊறுவதை. ஆற்றுக்குள் இறக்கிய கிணற்றிலிருந்து நாலாபக்கமும் துளைக்குழாய்கள் படுக்கையாகப் போகும், மணல் வடிகட்டித் தருவதை மோட்டார் ஏற்றும். வெள்ளத்தைக் கிணறு தாங்கிவிடும். மற்றதெல்லாம்தான் சிக்கும்: மோட்டாரை இயக்கும் மின்பலகையில் (பேனல் போர்டு) சேறு ஏறும், மின்கம்பம் சாயும், ஆற்றைக் கடக்கிற குழாயின் அடிமண் அரித்து இணைப்பு பிரிந்துவிடும்.

பம்ப்ஹவுஸ்:
பேனலையும் டிரான்ஸ்பார்மரையும் இதுவரை வந்த உச்ச வெள்ளத்துக்கும் மேலே மேடை கட்டி வைக்க வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. நனைந்த மோட்டாரை அவசரப்பட்டு ஓட்டினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும், அப்புறம் இன்னும் பல நாள் போகும். காயவைத்து, மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று மெக்கர் கருவியில் பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

படித்துறை:
மணல் கொள்ளையையும் சொல்லுங்கள். படுகை இறங்கிப்போனால் வடிகட்ட மணல் ஏது?

பொருநைவாசி:
சரி, தண்ணீர் திரும்ப வந்ததும் அப்படியே குடிக்கலாமா?

கிணற்றடி:
வேண்டாம். உடைந்த குழாயில் சேறு புகுந்திருக்கும், முதலில் வருவதைத் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். அதுவரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.