திருப்பூர் ஜாப் ஒர்க் கணக்குக்கு மாங்கோடிபியா, போஸ்ட்கிரஸா?

கோராத்துணி:
வணக்கமுங்க. பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (வேலையை வெளியில குடுத்து வாங்கறது) மென்பொருள் எழுதிட்டிருக்கோம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள்னு துணி எடம் மாறிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிசி (டெலிவரி சலான், துணியோட போற சீட்டு). பையருக்குப் பையர் டெக் பேக் (துணி எப்படி இருக்கணும்ங்கற விவரக்கட்டு) வேற. ஒருத்தருக்கு எஸ், எம், எல். இன்னொருத்தருக்குக் குழந்தைங்க சைஸ் 92, 98, 104. அதனால டீம்ல பாதிப்பேரு, டாக்குமெண்ட் டாக்குமெண்ட்டா வெக்கற டேட்டாபேஸான மாங்கோடிபிதான்கறாங்க. கிலோ கணக்கு ஒதைக்கக் கூடாது. அதுக்கா, டேபிளா வெக்கற போஸ்ட்கிரஸுக்கா, எதுக்குப் போறதுங்க?

நொய்யல்கரை:
போஸ்ட்கிரஸ் போங்க. டெக் பேக் மாறும்தான், ஆனா இந்த மென்பொருளுக்கு உசுரு லாட் (ஒண்ணா அனுப்பற துணித் தொகுதி) கணக்குங்க. 500 கிலோ கோரா (சாயம் போடாத துணி) டையிங்குக்குப் போகுது. முதல் டிசியில 240, அடுத்ததுல 228 திரும்புது. குறையறது 32 கிலோ, 6.4 சதவீதம். பேசுன ப்ராசஸ் லாஸ் 5 சதவீதம்னா மிச்சம் 7 கிலோவுக்கு டெபிட் நோட்டு (அவங்க கணக்குல கழிக்கற சீட்டு). இதைக் கண்டுபிடிக்க லாட், டிசி, பார்ட்டி, ரேட்டு நாலையும் கோக்கணும். போஸ்ட்கிரஸ் மாதிரி டேபிளா வெக்கற ரிலேஷனலுக்கு இது கைவந்த வேலை.

இருப்பை ஒரு ஃபீல்டுல வெச்சு அதையே திருத்திட்டு இருக்காதீங்க. போனது, வந்தது எல்லாம் வரிவரியா ஏறட்டும், கூட்டுனா இருப்பு. டிசி போடறப்ப லாட் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்'ல பூட்டிட்டு இருப்பைப் பாருங்க. இல்லீன்னா ரெண்டு பேரு ஒரே நேரத்துல போட்டு, இருக்கற 100 கிலோவையே ரெண்டு எடத்துக்கு அனுப்பிருவாங்க. எடைக்கு நியூமரிக்(12,3). ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமா வெக்கற வகை) வேண்டவே வேண்டாம்.

சைஸை ஜேசன்ல (வரிக்கு வரி அமைப்பு மாறக்கூடிய வடிவம்) போட்டுராதீங்க. ஆர்டர், கலர், சைஸ், பீஸ்னு ஒரு வரி. 92 ஆனாலும் எக்ஸ்எல் ஆனாலும் அது வெறும் எழுத்து. ரிப், பிரிண்ட் எடம், வாஷ்கேர் லேபிள் மாதிரி ஆளுக்காள் மாறறதுக்குப் போஸ்ட்கிரஸ்லயே ஜேசன்பி (ஜேசனை வெக்கற ஃபீல்டு வகை) இருக்கு, 2014ல வந்த 9.4 பதிப்புல இருந்தே. கூட்டவோ இன்னொரு டேபிளோட சேக்கவோ வேண்டியது எதுவானாலும் தனி ஃபீல்டு.

அவிநாசிரோடு:
அண்ணன் சொன்னதுதான் என் முடிவும். ஆனா மாங்கோவுல, பல டாக்குமெண்ட் மாற்றத்தை ஒண்ணா ஏத்தற இல்ல ஒண்ணா விடற டிரான்சாக்‌ஷனே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 2018ல 4.0லயே வந்தாச்சு. ரெப்ளிகா செட் (ஒரே டேட்டாவை நகலெடுத்து வெக்கற சர்வர் கூட்டம்) இருக்கணும், அவ்வளவுதான். ஒத்தை சர்வர்னாலும் ஒரு நோடு ரெப்ளிகா செட்டா துவக்குங்க, இல்லீன்னா பிழைதான் வரும்.

மாட்டிக்கறது வேற எடத்துல. லாட் டாக்குமெண்ட்டுக்குள்ளயே எல்லா வரவு செலவையும் அரேயா (பட்டியலா) அடுக்கத் தோணும். ஒரு டாக்குமெண்ட்டுக்கு வரம்பு 16 எம்பி; அதைத் தொடாட்டியும், 'இந்த டையிங்காரர்கிட்ட மொத்தம் எவ்வளவு துணி கெடக்கு'ன்னு கேட்டா ஒவ்வொரு லாட்டையும் பிரிச்சுத்தான் கூட்டணும். டெக் பேக், சாம்பிள் கமெண்ட், அளவு சார்ட் மட்டும்னா மாங்கோ அழகா உக்காரும்.

கோராத்துணி:
நன்றிங்கண்ணா. பல்லடம் பக்கம் குடோன்ல நெட்டு அடிக்கடி போயிருது. போன்லயே டிசி போட்டு அப்பறம் ஏத்தணும். அதுக்குக் கவுச்டிபிங்கற டேட்டாபேஸ் நல்லதுங்கறாங்களே?

நொய்யல்கரை:
ஒத்திசைவு அதுல அருமைங்க. ஆனா ரெண்டு போன் ஒரே டாக்குமெண்ட்டைத் திருத்துனா அதுவா ஒண்ணை ஜெயிக்க வெச்சுரும்; தோத்தது உள்ளேயே கெடக்கும், நீங்க தேடி எடுத்தாத்தான் தெரியும். கிலோ கணக்குக்கு அது ஆகாது. போன்ல எஸ்க்யூலைட் (போனுக்குள்ளயே ஓடற சின்ன டேட்டாபேஸ்) வெச்சு, ஒவ்வொரு வரிக்கும் அங்கயே யூயூஐடி (வேற எதோடயும் ஒத்துப்போகாத அடையாளம்) போட்டுருங்க. சர்வர்ல அதுதான் பிரைமரி கீ, கூட 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (அதே கீ மறுபடி வந்தா கண்டுக்காம விடறது). நெட்டு பாதியில அறுந்து மறுபடி வந்தாலும் ஒரே வரிதான் நிக்கும்.

நெட்டு இல்லாதப்ப நான் சொன்ன பூட்டு நடக்காது. ஏத்துன பின்னாடி இருப்பு மைனஸ்ல போச்சுன்னா டிசியைத் தள்ளிராதீங்க, துணி ஏற்கனவே வண்டியேறிப் போயிருச்சு. ஏத்திக்கிட்டு, சிவப்புல காட்டி, ஆள் பார்த்துச் சரிபண்ணட்டும்.

டிசி நம்பருக்குப் போஸ்ட்கிரஸ் சீக்வென்ஸ் (அதுவா நம்பர் குடுக்கற வசதி) வேண்டாம், ரோல்பேக் ஆனா, அதாவது பதிவு பாதியில ரத்தானா, நடுவுல நம்பர் விட்டுப்போகும். ஜிஎஸ்டி விதி 55 வரிசை நம்பர் கேக்குது, 16 எழுத்துக்குள்ள. ஒண்ணுக்கு மேல வரிசை வெச்சுக்கலாம். அதனால ஒவ்வொரு போனுக்கும் தனி முன்னெழுத்து குடுத்து, எண்ணிக்கையைப் போன்லயே ஓட்டுங்க.