மறு: ஸ்ட்ராப் பட்டன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் வாரை மாட்டுகிற சிறு முளைதான் ஸ்ட்ராப் பட்டன். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனை இது:

> வார்ப்பொத்தான் என்றே வைத்துவிடலாமே. சட்டைக்குப் பொத்தான் போல வாரின் துளை அதில்தானே மாட்டுகிறது.

வாரில் எனக்கு மறுப்பில்லை. செருப்புக்கும் வார், மிருதங்கத்துக்கும் வார். பொத்தான்தான் இடிக்கிறது. ஒலிபெருக்கியில் இணைக்கப் பிக்கப் வைத்த கிட்டாரில் அழுத்துகிற பொத்தான்கள் ஏற்கெனவே உண்டு. ‘பொத்தானைத் திருகி இறுக்கவும்’ என்று எழுதினால் படிக்கிறவர் எதைத் திருகுவார்?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உடலின் அடிப்பக்கம் நடுவில் ஒன்று இருக்கிறது. திருகு இல்லை, கூம்பாகச் சீவிய முளை, துளையில் அழுத்தி இறுக்கியது. உள்ளே அந்த இடத்தில் கனமான கட்டை இருப்பதால் இழுவை தாங்குகிறது. வாரின் மறுமுனைக்குத்தான் ஒன்றுமில்லை. தலைப்பக்கம், தந்தியை முறுக்கும் பிரடைகளுக்கு முன்னால், தந்திகளுக்கு அடியில் கயிற்றை நுழைத்துக் கட்டலாம். இல்லையென்றால் கழுத்து உடலோடு சேரும் தடித்த மரத்தில் தனியாக ஒன்றைத் திருகிக்கொள்ள வேண்டும்.

சொல் காலை வாரியது அங்கேதான். ‘கழுத்துப் பக்கம் பொருத்தவும்’ என்று எங்கோ படித்துவிட்டு, என் தம்பி மகன் கழுத்துக்குப் பக்கத்தில், விலாப் பலகையில் துளை போட்டான். அந்தப் பலகை சுமார் 2 மி.மீ. கனம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் திருகு பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் அந்தத் தடித்த இடம் ஹீல். அதைக் குதிகால் என்று பெயர்த்திருக்கிறார் நம்மில் ஒருவர். கழுத்துக்குக் குதிகாலா ஐயா? கழுத்தடி என்றால் தச்சருக்கே புரியும்.

பொருளுக்கு என் பரிந்துரை வாராணி. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும்போது, துளையை மூடி இறுக்கிய ஆணிக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணை உவமை சொல்கிறது. தேவனாம்பட்டினம் மணலில் நண்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய காம்பு, மேலே உருண்டை. இதுவும் அச்சு அசல் அதேதான்.

– கடலூரிலிருந்து

*

ஐயா, நண்டுக் கண் அருமை. ஆனால் வாராணியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வா, ராணி’ என்று கேட்கிறது. என் மனைவி அடுப்படியிலிருந்து யார் வந்தது என்றாள்.

முத்தியால்பேட்டையில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் பொருளைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்றேன். ‘குமிழ்தானே’ என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பாதக்குறட்டில் கட்டைவிரலும் அடுத்த விரலும் பிடித்துக்கொள்வதற்கும் அதே பெயர்தான். காம்பும் தலையும் அதிலும் உண்டு. ஆகவே வார்க்குமிழ். இடத்தைச் சொல்ல அடிக்குமிழ், கழுத்தடிக்குமிழ்.

விளக்கத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள்: கழுத்தடியில் முதலில் திருகைவிடச் சிறிய துளை போட வேண்டும், நேராகத் திருகினால் மரம் பிளக்கும். சில கிட்டார்களில் கழுத்தை போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள்; துளை அதன் மேல் விழக்கூடாது. அப்புறம், நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்புத் திருகு வேண்டாம்.

– புதுச்சேரியிலிருந்து

*

சரி, ராணியை அனுப்பிவிட்டேன். பட்டியலில் வார்க்குமிழ் என்று ஏற்றியாயிற்று. நண்டுக் கண்ணை விட மனமில்லை, விளக்கத்தில் ஓரமாக வைத்திருக்கிறேன்.

வார் நழுவாமலிருக்கக் குமிழின் கழுத்தில் ரப்பர் வளையம் ஒன்று போடுவார்களே, அதற்கு யாராவது சொல் வைத்திருக்கிறீர்களா? தம்பி மகன் தண்ணீர்க் குழாய் வாஷரைப் போட்டிருக்கிறான். இப்போதைக்கு நானும் வாஷர் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

– கடலூரிலிருந்து