முதல் டாங்க்கில் 91 போட்டது குற்றமா?

இரட்டைக்கேபின்:
போன வியாழக்கிழமை புது பிக்கப் டெலிவரி எடுத்தேன். டர்போ பெட்ரோல். சீட் மேல் இருக்கிற பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் தலைவலி. சாவி கொடுத்த பையன் "முதல் டாங்க் மட்டும் பிரீமியம் போடுங்க சார், இன்ஜின் பழகிக்கும்" என்றான். விற்கிறவன் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வான் என்று விட்டுவிட்டேன். இந்தத் தளத்துக்கு வந்து பார்த்தால், நம் பழைய_பிஸ்டன் அண்ணனும் டயர் பற்றிய விவாத இழையில் அதையே எழுதி வைத்திருக்கிறார்: "இன்ஜின் முதல் டாங்க்கை மறக்காது." அண்ணே, இன்ஜின் என்ன யானையா?

டாங்க் மூடிக்கு உள்ளே "குறைந்தபட்சம் 91" என்று ஒட்டியிருக்கிறது. பம்பில் 91, 95, 98 என்று மூன்று ஆக்டேன் எண்களிலும் பெட்ரோல் இருந்தது. 91 போட்டேன், கழுத்து வரை. இதில் என்ன தப்பு? யாராவது காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய_பிஸ்டன்:
வண்டிக்கு வாழ்த்துகள் தம்பி. யானை என்று கிண்டல் செய்ததற்கும் சேர்த்து நன்றி.

இருபத்திரண்டு வருஷமாக இன்ஜின் பிரிக்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டரில்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு சேர்ந்து உட்காரும். அப்போது உள்ளே எது எரிகிறதோ அதுதான் அதன் குணம். முதல் டாங்க் முதல் டாங்க்தான். நீங்கள் 91 போட்டது போட்டதுதான், இனிமேல் 98 ஊற்றினாலும் உடம்பில் ஒட்டாது.

பெற்றோல்_பிரியன்:
நான் மூன்று வருடமாக 87 பெற்றோல்தான் அடிக்கிறேன். இதே மாதிரி டர்போ பிக்கப். வாங்கிய அன்றும் 87, இன்றைக்கும் 87. ஒரு சத்தம் கிடையாது.

பழைய_பிஸ்டன்:
87ஆ? அதற்குப் பெயர் மண்ணெண்ணெய். மூடியில் 91 என்று இருக்கும்போது 87 ஊற்றுகிறவர் இங்கே வந்து ஆலோசனை வேறு சொல்கிறார். அது என்ன "பெற்றோல்"? எதைப் பெற்றோம்?

அளவுகோல்:
சண்டை முற்றுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் பேசுவது அநேகமாக ஒரே எரிபொருளைப் பற்றி.

ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) சோதனையில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும். எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) சோதனையில் 900 சுற்று, உள்ளே போகிற கலவையையும் சூடாக்குவார்கள், அதனால் எண் குறைவாக வரும். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியாவில் பம்பில் எழுதுவது ஆர்.ஓ.என். அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதுவது இரண்டின் சராசரி. ஆர்.ஓ.என். 91 உள்ள பெட்ரோலுக்கு எம்.ஓ.என். ஏறத்தாழ 83 வரும். கூட்டி இரண்டால் வகுங்கள்: 87.

பழைய_பிஸ்டன்:
91 என்றால் 91. 87 என்றால் 87. நாலு குறைகிறது. இதற்குச் சராசரி எல்லாம் எதற்கு? பள்ளிக்கூடத்தில் கழித்தல் சொல்லித் தரவில்லையா?

அளவுகோல்:
ஐயா, ஒரே ஆளை ஒருவர் அடியில் அளக்கிறார், இன்னொருவர் மீட்டரில் அளக்கிறார். எண் வேறு, உயரம் ஒன்று.

பழைய_பிஸ்டன்:
நாலு குறைகிறது.

பெற்றோல்_பிரியன்:
எங்கள் பக்கம் பெற்றோல் என்றுதான் எழுதுவோம். மோட்டார், லொறி, பெற்றோல் எல்லாம் உங்கள் கராஜ் திறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் பத்திரிகைகளில் வருகிற சொற்கள். எழுத்தைக் கிண்டலடிக்கிறவர் முதலில் "டாங்க்" என்று எழுதுவதை விடட்டும்.

இரட்டைக்கேபின்:
டாங்க் என்று எழுதி ஆரம்பித்தது நான்தான். மன்னித்துவிடுங்கள். என் கேள்வி என்னவென்றால்...

பழைய_பிஸ்டன்:
உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் தம்பி. முதல் டாங்க் முக்கியம். அதிக ஆக்டேன் என்றால் அதிக சக்தி, இது குழந்தைக்கும் தெரியும்.

அளவுகோல்:
குழந்தைக்குத் தப்பாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். எத்தனாலையே பாருங்கள், ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும், ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

நாக்கிங், அதாவது பெட்ரோல் தானாகப் பற்றி இன்ஜின் தட்டுகிற சத்தம், வந்தால் சென்சார் கேட்டுக்கொண்டு ஸ்பார்க் டைமிங்கை, அதாவது பொறி விடுகிற நேரத்தை, கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். நல்ல எரிபொருள் வந்ததும் மறுபடி முன்னுக்குத் தள்ளும். ஒரு டாங்க்கிலேயே மாறிவிடும். ஆயுளுக்கும் நினைவு வைத்துக்கொள்ளாது. ரிங் உட்காருவது உண்மை, ஆனால் அதற்கு வேண்டியது ஆக்டேன் இல்லை. முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாதீர்கள், ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்காதீர்கள், டிரெய்லர் கட்டி இழுக்காதீர்கள். கையேட்டில் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

வெயிலில் மேட்டில் கனமாக இழுத்தால் 95 போடுவதில் அர்த்தம் உண்டு. டர்போவுக்கு அப்போதுதான் அது உதவும். காலி வண்டிக்கு 91 போதும்.

பழைய_பிஸ்டன்:
சென்சார் வந்ததெல்லாம் நேற்று. நான் சென்சார் இல்லாமல் காதால் கேட்டு டைமிங் வைத்தவன். ஈயம் கலந்த பெட்ரோலில் வேலை கற்றவன்.

ஓரமா_நிக்கிறேன்:
அண்ணனின் காதுக்கு வணக்கம். ஆனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921-ல் கண்டுபிடித்துப் பெட்ரோலில் கலந்த அந்த ஈயம் 2021-ல் அல்ஜீரியாவிலும் நிறுத்திய பிறகு கார்களிலிருந்தே ஒழிந்துவிட்டது. அண்ணனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம்) பற்றிய இழையில் "நிறம் ஒன்றாக இருந்தால் கலக்கலாம்" என்றது யார் என்று இங்கே சிலருக்கு நினைவிருக்கும். நிறம் வெறும் சாயம், உள்ளே இருக்கிற ரசாயனம் வேறு. அவரை நம்பிக் கலந்தவர்களில் நானும் ஒருவன். ரேடியேட்டருக்குள் களி மாதிரி இருந்தது.

பழைய_பிஸ்டன்:
கூலன்ட்டை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அந்த இழையில் நான் சொன்னதை அரைகுறையாகப் படித்துவிட்டு வண்டியைக் கெடுத்தவர் நீங்கள். இப்போதும் அரைகுறைதான். மறுபடி சொல்கிறேன், 91-லிருந்து 87 போனால் நாலு குறைகிறது. இதை ஒருவரும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அளவுகோல்:
நான் மறுத்தேன். மேலே, இரண்டு தடவை.

டீசல்_மட்டும்:
பெட்ரோல் பிக்கப் வாங்கினால் இப்படித்தான். டீசல் எடுத்திருந்தால் 87, 91, 95 என்று பஞ்சாயத்தே இல்லை. டீசலில் ஒரு லிட்டருக்கு பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஆற்றல் கூடுதல், குறைந்த சுற்றிலேயே இழுவை. பிக்கப் என்பது பாரம் சுமக்கிற வண்டி. படம் போட்டிருக்கிறீர்களே, அந்த பின்பக்க பாடியில் ஒரு கீறல்கூட இல்லை. இனிமேலும் விழாது என்று தோன்றுகிறது.

இரட்டைக்கேபின்:
வண்டி எடுத்து ஐந்து நாள்தான் ஆகிறது! கீறல் விழவில்லை என்று குறை சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான்.

டீசலை யோசிக்காமல் இல்லை. என் தினசரி ஓட்டம் போகவர ஆறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் டீசலின் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிற சூட்டுக்கே வராது. அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், அப்புறம் அதை அணைப்பதற்காகவே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். கூடவே புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் வேறு ஊற்ற வேண்டும்.

டீசல்_மட்டும்:
ஆறு கிலோமீட்டருக்கு எதற்கு பிக்கப்? சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

பெற்றோல்_பிரியன்:
டீசல்காரர் ஒரு பெற்றோல் நாசிலை மாற்றிப் போட்டுவிட்டு எழுதிய சோகக்கதை ஒன்று இதே தளத்தில் இருக்கிறது. டீசல் நாசில் பருமன், பெற்றோல் மூடிக்குள் சாதாரணமாக நுழையாது. பெற்றோல் நாசில் டீசல் வண்டிக்குள் ஜோராக இறங்கிவிடும். அவருடையது இறங்கியது.

டீசல்_மட்டும்:
அது என் வண்டி இல்லை, மச்சான் வண்டி. பம்ப் பையன் செய்த வேலை. மூன்று முறை விளக்கம் கொடுத்தாகிவிட்டது.

பழைய_பிஸ்டன்:
விஷயத்துக்கு வாருங்கள். டீசலோ, "பெற்றோலோ", இன்ஜினுக்கு முதல் டாங்க்தான் முக்கியம்.

அளவுகோல்:
அப்படியானால் தொழிற்சாலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க அவர்கள் ஊற்றிய எரிபொருள்தானே முதல்? கப்பலிலும் டிரெய்லரிலும் ஏற்ற இறக்க ஓட்டியது எதில்? அதில் என்ன ஆக்டேன் இருந்ததென்று இரட்டைக்கேபினுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பழைய_பிஸ்டன்:
அது டாங்க் இல்லை, சொட்டு. சொட்டுக் கணக்கு செல்லாது.

ஓரமா_நிக்கிறேன்:
சட்டப்பிரிவு எத்தனை என்று சொன்னால் குறித்துக்கொள்வேன்.

பழைய_பிஸ்டன்:
முதலில் ரேடியேட்டரைக் கழுவுங்கள்.

இரட்டைக்கேபின்:
எல்லோருக்கும் நன்றி, பாதி பேருக்குக் கொஞ்சம் குறைவாக. நேற்று டாங்க் காலியானது. சும்மா பார்க்கலாமே என்று 95 போட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சத்தம் அதே, இழுவை அதே. அடுத்தது மறுபடி 91.

பழைய_பிஸ்டன்:
எப்படித் தெரியும்? இது இரண்டாவது டாங்க். நான் சொன்னது முதல் டாங்க்.

பெற்றோல்_பிரியன்:
தாங்கி.