சைக்ளோன்-ஹிட், சைக்ளோன்-ப்ரோன், சைக்ளோன்-ப்ரூஃப்: வால் மாறினால் என்ன மாறுகிறது?

முத்தியால்பேட்டை வாசகி:
வங்கித் தேர்வுக்காக ஆங்கில நாளிதழ் படித்து வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது அல்லவா, அந்த வாரத்துச் செய்திகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே 'சைக்ளோன்' மூன்று வால்களுடன் வருகிறது. அகராதியில் 'ப்ரோன்' என்று பார்த்தால் முதல் பொருளே 'குப்புறப் படுத்த' என்று இருக்கிறது! ஊரே குப்புறப் படுத்துவிட்டதா என்ன? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) குமாஸ்தா (ஓய்வு):
மனப்பாடம் வேண்டாம் அம்மா. பள்ளியில் வேற்றுமைத்தொகை படித்திருப்பீர்கள். 'தலை வணங்கினான்' என்றால் தலையால் வணங்கினான். 'கூலிவேலை' என்றால் கூலிக்கு வேலை. மறைந்த உருபை விரித்தால் பொருள் வந்துவிடும். ஆங்கிலக்காரனும் இதே வேலையைத்தான் செய்கிறான். அவன் மறைப்பது 'பை', 'டு', 'ஃப்ரம்' போன்ற சொற்களை. 'ஹிட்' வந்தால் 'பை': புயலால் அடிபட்ட. 'ப்ரோன்' வந்தால் 'டு': புயலுக்கு அடிக்கடி ஆளாகிற. 'ப்ரூஃப்' வந்தால் 'அகெய்ன்ஸ்ட்': புயல் வந்தாலும் அசையாத. கடலூர் எப்போதும் ப்ரோன். 2011 தானே புயலின்போது ஹிட்டும் ஆனது. ப்ரூஃப் என்று எழுதப் பொறியாளர்களே தயங்குவார்கள், 'ரெசிஸ்டன்ட்' என்றுதான் போடுவார்கள். கைக்கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கும் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'தான். ப்ரூஃப் என்பது முழு உத்தரவாதம், ரெசிஸ்டன்ட் என்பது ஓரளவு தாங்கும் என்பது.

நான் கப்பல் ஏஜென்சியில் காகிதம் எழுதியவன். அங்கே தினம் புழங்கிய சொல் 'சீவொர்த்தி'. 'வொர்த்தி' என்றதும் விலைமதிப்பு என்று புதிதாக வரும் பையன்கள் நினைப்பார்கள். அது இல்லை, தகுதி. கடல் காப்பீட்டுச் சட்டம் இதற்கு வரையறையே வைத்திருக்கிறது: அந்தப் பயணத்தில் வழக்கமாக வரக்கூடிய கடல் ஆபத்துகளை எல்லா வகையிலும் தாங்கத் தகுந்த கப்பல். அடிப்பலகை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, ஆளும் தளவாடமும் சரியாக இருக்க வேண்டும். 'ரோட்வொர்த்தி', 'டிரஸ்ட்வொர்த்தி' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

தேவனாம்பட்டினம் ஆசிரியை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ஃப்ரீ'யையும் 'லெஸ்'ஸையும் ஒன்றாக எண்ண வேண்டாம். இரண்டும் 'இல்லாத' என்பதையே சொன்னாலும், ஃப்ரீ பெரும்பாலும் தொல்லை தொலைந்த நிம்மதியைச் சொல்லும். மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடும் புதுச்சேரி கடற்கரைச் சாலை 'டிராஃபிக்-ஃப்ரீ'. 'கேர்ஃப்ரீ' கவலையற்றவர், 'கேர்லெஸ்' கவனமற்றவர். தேர்வில் இந்த ஜோடி அடிக்கடி வரும்.

இன்னொன்று, எண் வரும் இடம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். 'சிக்ஸ்டி-ஒன்-டே பேன்' என்றுதான் எழுத வேண்டும். பெயரடையாக முன்னால் நிற்கும்போது 'டேஸ்' வராது. 'தி பேன் லாஸ்ட்ஸ் சிக்ஸ்டி-ஒன் டேஸ்' என்று பின்னால் போனால் பன்மையும் வரும், எண்ணுக்கும் நாளுக்கும் நடுவே உள்ள இணைப்புக் கோடும் போய்விடும். என் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் இதில்தான் மதிப்பெண் விடுகிறார்கள்.

முத்தியால்பேட்டை வாசகி:
நன்றி ஐயா, நன்றி டீச்சர். விரித்துப் பார்த்ததில் 'டெட்-ரிடன்' (கடனால் அழுந்திய), 'பேனிக்-ஸ்ட்ரிக்கன்' (பீதியால் தாக்குண்ட) இரண்டும் 'பை' என்று தானாகவே பிடிபட்டன. 'பவுண்ட்' மட்டும் உதைக்கிறது. 'சென்னை-பவுண்ட்' ரயில் சென்னைக்குப் போகிறது. 'ஸ்னோபவுண்ட்' ரயில் பனிக்குப் போகிறதா?

கடலூர் ஓ.டி. குமாஸ்தா (ஓய்வு):
போகாது, பனியில் சிக்கி நிற்கும்! அவை உருவத்தில் ஒன்று, பிறப்பில் இரண்டு. போகிற பவுண்ட், 'ஆயத்தமான' என்ற பொருளில் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதற்கு 'ஃபார்' போட்டு விரியுங்கள். சிக்கிய பவுண்ட், 'பைண்ட்' என்ற வினையின் இறந்தகாலம், அதற்கு 'பை'. முன்னால் ஊரோ திசையோ இருந்தால் முதல் வகை. பனி, மூடுபனி, வீடு என்று பிடித்து வைக்கிற பொருள் இருந்தால் இரண்டாம் வகை. 'ஹோம்பவுண்ட்' மட்டும் இரண்டு பக்கமும் பேசும். வீடு திரும்புகிறவருக்கும் சொல்வார்கள், வெளியே போக முடியாமல் வீட்டில் கிடப்பவருக்கும் சொல்வார்கள். அதை வாக்கியத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.